நான்காவது வரியில் திரும்பும் ஆமை

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முப்பத்தொன்பது ஆமைகள் மாறி மாறி "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தன. நாற்பதாவது ஆமை மட்டும் மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் பின்கட்டுப் பராமரிப்பு அறையிலிருந்து வைகுண்டமணியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

ஆமை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அரசாங்கத் தாள்களில் அது 'ஆர்வ வாசிப்பான்'. உள்ளங்கை அகலம், பச்சை ஓடு, அடியில் நான்கு பொடிச் சக்கரங்கள். எழுதிய தாளின் மேல் எடுத்து வைத்தால், சின்ன இஸ்திரிப் பெட்டி மாதிரி வரிவரியாக ஊர்ந்து படிக்கும். படிக்கப் படிக்க ஓடு சூடேறும். பக்கம் முடிந்ததும், சோற்றுக்குக் காத்திருக்கிற குரலில் "அப்புறம்?" என்று கேட்கும். அதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்பதற்காகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினார்கள்.

அதற்கு முன்னால் நிலைமை வேறு. விண்ணப்பம், வாழ்த்து, காதல் கடிதம், மன்னிப்புக் கடிதம் எல்லாவற்றையும் பொறிகளே எழுதிக் கொடுத்த காலம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் சொந்தமாக ஒரு வரி எழுதுவதையே விட்டுவிட்டார்கள். பரிசு கொடுத்துப் பார்த்தார்கள், போட்டி வைத்தார்கள், மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு குழுவில் யாரோ ஒருவர், "யாருமே படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் பிள்ளை எதற்காக எழுதும்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. ஆசிரியர்களுக்கு நேரமில்லை, பெற்றோருக்குப் பொறுமையில்லை. ஆகவே படிப்பதற்கும் ஒரு பொறி செய்துவிட்டார்கள். அதற்குள் இருக்கும் 'ஆவற்சுருள்' என்ற மயிரிழைக் கம்பிச் சுருளுக்கு, அடுத்து என்ன என்று தெரிந்தே ஆகவேண்டும். நடிப்பில்லை, உண்மையான ஆவல். தன் கதைக்காக ஓர் உயிர் இப்படித் தவிக்கிறது என்று கண்ட பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மறுத்தார்கள். திட்டம் ஓகோவென்று ஓடியது. அறிக்கை எழுதச் சோம்பல்படும் பராமரிப்பாளர்களுக்காக மாவட்ட அலுவலகத்திலும் இப்படி ஒன்றை வைக்கப் போவதாகக்கூடப் பேசிக்கொண்டார்கள்.

வைகுண்டமணி பதினோரு வருடமாக இந்த உப்பளத்தோரப் பள்ளியின் ஆமைகளைப் பார்த்துக்கொள்கிறான். நூற்றிருபது ஆமைகள். அவற்றின் சக்கரம், சுருள், மின்கலம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று மட்டும் அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அது அவன் வேலை இல்லை.

தலைமை ஆசிரியை ஜெபக்கனி தன் அறையில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அதில் முப்பத்தொன்பது கோடுகள் மேலே ஏறின. ஒரு கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"இந்தப் பிள்ளை ஷெரின். எட்டாங் கிளாஸ்ல நாளைக்குப் பத்துப் பக்கம் எழுதுனவ. இந்த வருசம் வாரத்துக்கு ஒத்தப் பக்கம். அதையும் கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எழுதுதா. மூணு மாசமா ஒரு 'அப்புறம்' கூட இல்ல. திங்கக்கிழமை மகிழ்ச்சிக் கணக்கெடுப்புக் குழு வருது, வைகுண்டம். நான் என்ன பதில் சொல்ல?"

"ஆமைதான் கோளாறா இருக்கும் டீச்சர். பாத்துருவோம்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். அந்தப் பிள்ள குடுக்க மாட்டேங்கா. கோளாறே இல்லைன்னு சாதிக்கா."

பழுதான பொருளைப் பழுதில்லை என்று சொல்லி மறைக்கிற பிள்ளையை வைகுண்டமணி இதுவரை பார்த்ததில்லை. நல்ல பொருளைப் பழுது என்று சொல்லிப் புதிது கேட்கிறவர்களைத்தான் அவனுக்குத் தெரியும்.

ஷெரின் கடைசி வரிசையில் சன்னலோரம் இருந்தாள். ஒல்லியான பெண், விரல் நுனியெல்லாம் மை. அவனைக் கண்டதும் ஆமையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடு பாப்பா. என்னன்னு பாத்துட்டுத் தந்துருதேன்."

"இது நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்புறம் கேக்கலையாமே?"

"கேக்கும். இன்னும் நான் கேக்க வைக்கல."

அவனுக்கு அது விளங்கவில்லை. அவள் ஆமையைத் தாளின் மேல் வைத்துக் காட்டினாள். இருபத்திரண்டு வரிகள் கொண்ட அரசாங்கத் தாள். ஆமை முதல் வரியில் ஊர்ந்தது, இரண்டாவது, மூன்றாவது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். பத்தொன்பதாவது வரியின் நடுவில் ஆமை நின்றது. நின்று, அப்படியே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது. ஓடு ஜில்லென்று இருந்தது.

"ஜூன் மாசம் நாலாவது வரிலயே திரும்பிட்டு அண்ணாச்சி. போன மாசம் பதினொண்ணு. இப்ப பத்தொம்பது. அது எந்த எடத்துல நிக்கோ அந்த எடத்துல நான் ஏதோ தப்பு பண்ணிருக்கேன். என்னன்னுதான் தெரிய மாட்டேங்கு." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அது துக்கமா, கோபமா, வேறு ஏதாவதா என்று வைகுண்டமணியால் பிரித்தறிய முடியவில்லை. கண்ணில் தண்ணீரோடேயே அடுத்த தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்திருந்தாள்.

ஒருவழியாக அவளைச் சமாதானப்படுத்தி, வேறொரு ஆமையை மாற்றாகக் கொடுத்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டு வந்தான். ஓட்டின் அடியில் எண் பொறித்திருந்தது: ஒன்று. பள்ளிக்கு வந்த முதல் ஆமை.

அறைக்கு வந்ததும் சோதனைத் தாளை எடுத்தான். கம்பெனிக்காரன் கண்ணாடித்தாள் ஒட்டிக் கொடுத்தது, எப்போதும் சுருட்டினபடி அவன் சட்டைப் பையில் இருக்கும். அதில் உள்ள கதை இதுதான்: பூனை பால் குடித்தது. பூனை மீண்டும் பால் குடித்தது. இப்படியே இருபத்திரண்டு வரி. எந்த ஆமையும் இதைப் படித்துவிட்டு, பூனையின் கதி என்னவோ என்று பதறி "அப்புறம்?" என்று கேட்கும். ஒன்றாம் எண் ஆமை "பூனை பால்" வரை போனது. திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

ஓட்டைக் கழற்றிப் பார்த்தான். ஆவற்சுருள் புதுக் கருக்கோடு இருந்தது. சக்கரம் சரி, மின்கலம் சரி. எல்லாம் சரியாக இருந்துகொண்டு வேலை மட்டும் செய்யாத பொருளைப் போல ஒரு மெக்கானிக்கின் மானத்தை வாங்குவது வேறொன்றும் கிடையாது. ஓட்டைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தபோதுதான் உச்சியில் ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினான். மஞ்சளாக, சிவப்பாக, மறுபடி மஞ்சளாகப் பொடிந்து உதிர்ந்தது. மூக்குக்குக் கொண்டுபோனான். சந்தன வாசனை.

வைகுண்டமணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆயுத பூஜைக்கு நூற்றிருபது ஆமைக்கும் பொட்டு வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஒவ்வொரு வருடமும் ஒன்றாம் எண் ஆமையை எடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து அதற்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து, கற்பூரம் காட்டுவான். ஜெபக்கனி டீச்சர் கற்பூரத்துக்கு எட்டவே நின்று பொரியை மட்டும் வாங்கிக்கொள்வார். ஓட்டின் உச்சியில் நெற்றிப் பொட்டுக்கென்றே செய்து வைத்தது போல ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அவன் கட்டை விரல் தானாக அங்கேதான் போகும். பதினோரு பூஜை, பதினோரு பொட்டு, ஒன்றின் மேல் ஒன்று. சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்று துடைக்கும்போதுகூட அதைச் சுற்றியே துடைத்திருக்கிறான்.

அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கழுவொளி உள்ளே போகவேண்டும்.

மே மாதம்தோறும் ஆமைகளின் நினைவைக் கழுவிவிட வேண்டும் என்பது சட்டம். ஐம்பது ஆமைகளைத் தட்டில் அடுக்கி, கழுவொளிப் பெட்டிக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தினால் மூன்று நிமிடம். வெளியே வரும்போது ஆமை எதையுமே படித்திராத ஆமை. ஒரு பிள்ளை எழுதிய அந்தரங்கம் அடுத்த பிள்ளையிடம் போய்ச் சேரக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு: 'முழுமையான ஆவலுக்கு முழுமையான வெறுமை அவசியம்.' அதை அவன் பலமுறை படித்திருக்கிறான். ஏதோ அழகுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் புரட்டிவிடுவான்.

இப்போது அது புரிந்தது. கழுவிய ஆமைக்கு 'ஒரு ஊரில்' என்றாலே அதிசயம். உலகத்தில் ஊர் என்று ஒன்று இருப்பதே அதற்கு அப்போதுதான் தெரியும். பூனை பால் குடிப்பது அதற்கு முதல் தடவை. ஒன்றாம் எண் ஆமையோ பதினோரு வருடம், பதினோரு பிள்ளைகள், பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் படித்துவிட்டது. உப்பளத்தில் எழும் பேய், கரை ஒதுங்கும் ஆளில்லாக் கப்பல், கடைசியில் கனவு கலைந்து எழுவது, எல்லாம் அதற்கு மனப்பாடம். இந்த நாட்டிலேயே வாசித்த அனுபவமுள்ள ஒரே ஆமை அதுதான். அதனால்தான் அதற்கு எதுவும் பிடிக்கவில்லை.

பதிவேட்டை எடுத்துப் புரட்டினான். முதல் ஐந்தாறு வருடம் ஒன்றாம் எண்ணுக்குக் குறை ஒன்றும் இல்லை; அப்போது அதற்கும் எல்லாம் புதிது. பிறகு வருடத்துக்கு வருடம் 'அப்புறம்' குறைந்துகொண்டே வந்தது. ஆமையின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிள்ளையின் பெயருக்கு நேரேதான் குறிப்பு எழுதியிருந்தார்கள். மதிவதனி: கற்பனை குறைவு. பிரைசன்: ஆர்வமில்லாத பிள்ளை. பிரைசன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. கதை என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவான் என்று கேள்வி. வைகுண்டமணி பதிவேட்டை மூடினான். ஒரு சந்தனப் பொட்டில் நான்கு பிள்ளைகளின் ஆசையை அடைத்துவிட்டோமே என்று நினைத்தான்.

அப்படியானால் ஷெரின் மட்டும் ஏன் விடாமல் எழுதுகிறாள்? அந்த இடத்தில்தான் அவன் கணக்கு உதைத்தது.

மறுநாள் காலை அவள் மாற்று ஆமையோடு அறை வாசலில் வந்து நின்றாள். கூடவே ஒரு தாள். அதில் இருபத்திரண்டு வரியிலும் 'உப்பு வெள்ளையாக இருந்தது' என்றே எழுதியிருந்தாள்.

"இதுக்கும் 'அப்புறம்'னு கேக்குது அண்ணாச்சி. தலைகீழா எழுதிக் குடுத்தேன், அதுக்கும் கேக்குது. இதுக்கு எது குடுத்தாலும் பிடிக்குது. எனக்கு என் ஆமைதான் வேணும்."

அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். சந்தனம், கழுவொளி, பதினோரு வருடம் எல்லாம். தன் வேலைக்கே உலை வைக்கிற விஷயத்தைப் பதினான்கு வயதுப் பெண்ணிடம் எதற்காகச் சொன்னான் என்று அவனுக்கே பிடிபடவில்லை. அவள் கையிலிருந்த தாளை மெல்லக் கசக்கினாள். பிறகு, "அப்ப எட்டாங் கிளாஸ்ல நான் எழுதுன ஆயிரத்தஞ்ஞூறு பக்கமும்?" என்று கேட்டாள்.

அவன் ஒன்றாம் எண் ஆமையைத் துணியால் துடைத்தான்.

"இதைக் கழுவிருவீங்களா?"

"சட்டம் அப்பிடித்தான் இருக்கு பாப்பா."

"இன்னும் மூணு வரிதான் அண்ணாச்சி."

ஜெபக்கனி டீச்சர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பொரிகடலை வாங்கியதில் தனக்கும் பங்கு உண்டோ என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கழுவியாகணும்."

"அந்தப் பிள்ளைக்கு அது பிடிச்சிருக்கு டீச்சர்."

"பிடிச்சிருக்கா? அவ அம்மா நேத்து வந்து என் முன்னால அழுதுட்டுப் போறா. பிள்ள ஒழுங்கா சாப்புடல, யாருகூடயும் பேசலைன்னு. பிள்ளைகள சந்தோசமா எழுத வைக்கத்தான் திட்டம். அழ வைக்கதுக்கா நான் ஸ்கூல் நடத்துதேன்?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஷெரின் சொன்னபோது அதுவும் சரியாகத்தான் பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே அறைக்கு வந்தவன், நாற்காலி என்று நினைத்துக் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, திருப்புளி குத்தி எழுந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜெபக்கனி டீச்சர் நேரிலேயே வந்து அறை வாசலில் நின்றார். கழுவுவதைக் கண்ணால் பார்க்காமல் போவதாக இல்லை. வைகுண்டமணி பழைய பொட்டை முழுக்கச் சுரண்டி எடுத்திருந்த ஒன்றாம் எண் ஆமையைத் தட்டில் வைத்தான். அது தட்டில் தனியாகக் கிடந்தது. மூலையில் சாமி படத்துக்குக் கீழே, காலையில் உரசிய சந்தனம் கிண்ணத்தில் மிச்சமிருந்தது.

அதை அவன் யோசித்துச் செய்யவில்லை. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்த அந்த நொடியில் கட்டை விரல் கிண்ணத்துக்குப் போய், அங்கிருந்து ஓட்டின் உச்சிக்குப் போய்விட்டது. வருடாவருடம் போன வழிதான். தட்டு உள்ளே போயிற்று. மூன்று நிமிடம். 'தட்டு: கழுவியாயிற்று' என்று திரையில் வந்தது. அறிக்கை எப்போதும் தட்டுக்குத்தான். தனித்தனி ஆமைக்கு இல்லை.

"கழுவியாச்சா?"

"திரைல வந்துட்டு டீச்சர்." பொய் இல்லை.

டீச்சர் போனதும் ஆமையை வெளியே எடுத்தான். பழைய பொட்டு பதினோரு அடுக்கு, காய்ந்து கல்லாய்ப் போனது. இது ஒரே அடுக்கு, ஈரச் சந்தனம், அதிலும் குங்குமம் கிடையாது. கழுவொளியின் சூட்டில் அது காய்ந்து, நடுவில் மெல்லிய விரிசல் விட்டிருந்தது. விரிசல் ஒளி போவதற்கு முன்பு விட்டதா, பின்பு விட்டதா? உள்ளே ஒளி போனதா, போகவில்லையா? ஆமையைக் காதோடு வைத்துப் பார்த்தான். அது தூங்குகிற மாதிரி சும்மா இருந்தது.

கடைசி மணி அடிக்கும் முன்பே ஷெரின் வந்துவிட்டாள். கையில் ஒரே ஒரு தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"வச்சுப் பாக்கட்டுமா அண்ணாச்சி?"

அவன் தலையாட்டினான். அவள் ஆமையைத் தாளின் மேல் வைத்தாள். நான்காவது வரி போயிற்று. பதினொன்று போயிற்று. பத்தொன்பதாவது வரியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆமை நிற்கவில்லை. இருபது. இருபத்தொன்று. ஓட்டின் சூடு அவன் இருந்த இடத்துக்கே தெரிந்தது. இருபத்திரண்டாவது வரியின் கடைசி எழுத்தில் போய் நின்றது ஆமை.

"அப்புறம்?" என்றது.

ஷெரினின் முகத்தில் அப்போது வந்ததை வைகுண்டமணி தன் பதினோரு வருடத்தில் எந்தப் பிள்ளையின் முகத்திலும் கண்டதில்லை. தினம் எட்டு 'அப்புறம்' கேட்கிற பிள்ளைகள் அதைக் கேட்டதும் அடுத்த தாளை எடுப்பார்கள், அவ்வளவுதான். இவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிறகு அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. ஓட்டின் உச்சியில் விரிசல் விட்டிருந்த பொட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கழுவிட்டீங்களா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

அவன் சொன்னான். ஈரச் சந்தனம், ஒரே அடுக்கு, விரிசல். அவள் கேட்டுக்கொண்டே தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீங்க படிச்சுப் பாருங்க. நல்லாருக்கான்னு சொல்லுங்க."

ஒரு பிள்ளை எழுதியதை அவன் படிப்பது அதுதான் முதல் தடவை. அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சாவி கிடைக்கிறது. வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அது சேரவில்லை. ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு, பள்ளிவிட்டு வரும் வழியில், தினம் ஒரு வீட்டுக் கதவில் போட்டுப் பார்க்கிறாள். பத்தொன்பதாவது வரியில் அடித்தல் திருத்தல் அதிகமாக இருந்தது. முன்பு அங்கே கனவு கலைந்து எழுந்திருக்கிறாள். அது அடிபட்டுப் போயிருந்தது. இப்போது ஒரு தெருக்கோடி வீட்டில் சாவியை நுழைக்கிறாள். அது சேர்கிறது. திருப்புவதற்கு முன் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறது. அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

வைகுண்டமணி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். வெறுமையாக இருந்தது. உள்ளே யார் அது? அவனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல். சட்டென்று அடக்கிக்கொண்டான். தான் வாழ்க்கையில் எத்தனை கதை படித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தான். பூனைக் கதை ஒன்று. இப்போது இது. தானும் கழுவின ஆமைதான். தன் ஆவலை நம்பி இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

"எனக்குப் பிடிச்சிருக்கு பாப்பா. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது."

சட்டைப் பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்தான். "இதை வச்சா தெரிஞ்சிரும். பூனைக் கதைக்கு 'அப்புறம்' கேட்டா கழுவிட்டுன்னு அர்த்தம். கேக்கலைன்னா, நீ நெசமாவே ஜெயிச்சிட்ட."

அவள் தாளை வாங்கவில்லை. பூனையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்மா?"

"கழுவியிருந்தா, இப்ப கேட்டது பொய்யாயிரும்." புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, "அடுத்த பக்கத்த எழுதிக் குடுக்கேன். அதுல எங்கயாச்சும் நின்னுச்சுன்னா, கழுவலைன்னு தெரிஞ்சிரும். அப்ப இது நெசம்," என்றாள்.

"அதுவுஞ் சரிதான்."

பெஞ்சில் உட்கார்ந்து புதுத் தாளில் கோடு போட்டாள். பேனா மூடியைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, இப்ப நான் நல்லா எழுதணுமா, மோசமா எழுதணுமா?"

அவன் யோசித்தான். நன்றாக எழுதினால் ஆமை நிற்காது. நிற்காவிட்டால் முதல் 'அப்புறம்' நிஜமா என்பது என்றைக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வேண்டுமென்றே மோசமாக எழுத வேண்டும். மூன்று மாதம் அழுது அழுது மோசமாக எழுதாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. அவனிடம் இதற்கு எந்தத் திருப்புளியும் இல்லை.

"உள்ள இருக்கது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"இன்னும் தெரியாது," என்றாள் ஷெரின். சொல்லிவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். நன்றாக எழுதினாளா, மோசமாக எழுதினாளா என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை. சாவி சேர்ந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் அவள் நாக்கு உதட்டோரம் துருத்திக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

வைகுண்டமணி தன் மேசைக்குப் போய்ப் பராமரிப்பு அறிக்கைப் படிவத்தை எடுத்தான். 'வாசிப்பான் சரியாக இயங்குகிறதா? ஆம் / இல்லை.' பதினோரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போட்ட கட்டம். இன்று பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது. மூன்று மாதம் வாயைத் திறக்காதபோது அது சரியாக இயங்கியதா? இப்போது கேட்கிறதே, இது சரியா? கீழே, 'வேறு விளக்கம் இருப்பின், ஐந்து வரிகளுக்கு மிகாமல்' என்று இருந்தது.

எழுதத் தொடங்கினான். ஐந்து வரியில் ஆயுத பூஜைகூட முடியவில்லை. பின்பக்கம் திருப்பினான். பொட்டு வைத்தது தானே என்று எழுதினான். மதிவதனி, பிரைசன் என்று பெயர் சொல்லி எழுதினான். அந்தப் பிள்ளைகள் மேல் குற்றமில்லை, குறிப்பைத் திருத்த வேண்டும் என்று எழுதினான். இன்று மதியம் தன் கட்டை விரல் செய்த காரியத்தையும் மறைக்கவில்லை. எழுதி முடித்தபோது வேலை போய்விடும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு அவன் சொந்தமாக எழுதிய முதல் பக்கங்கள் அவை. வியர்த்துவிட்டிருந்தது. யோசித்தால் அனுப்ப மாட்டோம் என்று யோசிக்காமலே ஸ்கேன் செய்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினான்.

யாராவது ஓர் அதிகாரி படித்து, கூப்பிட்டு, கத்துவார் என்று காத்திருந்தான். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. திரையில் ஒரே ஒரு சொல்.

'அப்புறம்?'

மாவட்ட அலுவலகத்தில் ஆமை வைப்பதாகப் பேச்சாக இருந்தது நடந்துவிட்டது போலிருக்கிறது.

முதலில் அவனுக்கு நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவியது. தான் எழுதியதைப் படித்துவிட்டு எங்கோ ஒன்று மேலே தெரிந்துகொள்ளத் தவிக்கிறது. சிரிப்பு வந்தது. மறு கணமே, அந்த அலுவலகத்து ஆமையை எப்போது கழுவினார்களோ என்று தோன்றியது. சிரிப்பு பாதியில் நின்றது.

கை சட்டைப் பைக்குப் போயிற்று. பூனைக் கதையை அடுத்த பக்கம் என்று அனுப்பினால் தெரிந்துவிடும். பூனைக்கும் 'அப்புறம்?' என்று வந்தால், அவன் ஒப்புக்கொண்ட குற்றத்தை அந்த அலுவலகத்தில் யாரும் படிக்கவில்லை. வேலைக்கு ஆபத்தில்லை, நிம்மதியாகத் தூங்கலாம். பூனைக்குப் பதில் வராவிட்டால், எல்லாம் தெரிந்த ஒன்று அவனை நிஜமாகவே படித்திருக்கிறது; திங்கட்கிழமை வேலை இருக்காது. இரண்டில் எது நடக்கவேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்பதை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எதிரே பெஞ்சில் ஷெரின் பதினாறாவது வரியில் இருந்தாள்.

வைகுண்டமணி பூனைக் கதையை நான்காக மடிக்கப் பார்த்தான். கண்ணாடித்தாள் ஒட்டியிருந்ததால் மடியவில்லை. மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினான். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'அப்புறம் அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தை எழுத உட்கார்ந்தாள்' என்று ஆரம்பித்தான்.